பென்ட்ரைவும் லினக்ஸும்: பொதுக் கணினி அமைத்துக் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் ஒரு சனசமூக நிலையத்துக்குப் போயிருந்தேன். வாசிகசாலையின் பின் அறையில் இரண்டு தம்பிமார் பழைய கணினிகள் நான்குக்கு லினக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல வேலை. ஏ.எல் பிள்ளைகள் நோட்ஸைப் பென்ட்ரைவில் கொண்டுவந்து பிரிண்ட் எடுப்பார்கள், வயதானவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்த கலியாணப் படங்களைப் பார்ப்பார்கள். அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் தொடங்கிய காலத்தில் செய்த பிழைகளை ஒன்று விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வேறு டிஸ்க்கை மாறி ஃபோர்மட் பண்ணுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் யாரும் மறுபடி செய்யமாட்டார்கள். நான் சொல்லப்போவது, தனக்கு லினக்ஸ் நன்றாகத் தெரிந்திருந்தும், தெரியாதவர்களுக்காக அமைக்கும்போது நாம் செய்யும் பிழைகள்.

## எழுதி முடியுமுன் "முடிந்தது" என்று திரை சொல்ல விடுவது

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாசிகசாலைக்கு நான் அமைத்துக் கொடுத்த கணினியில், ஊர்க்காரர் ஒருவர் தன் தாயின் அந்தியேட்டிக்கு (முப்பத்தோராம் நாள் கிரியை) கல்வெட்டு என்கிற நினைவு மலர் தயாரித்துக்கொண்டிருந்தார். படங்கள், தேவாரங்கள், வம்சவரலாறு, ஆட்கள் எழுதிக்கொடுத்த நினைவுக் குறிப்புகள் என்று மூன்று கிழமை வேலை. எல்லாம் ஒரே போல்டரில். பொதுக் கணினியில் குடும்பத்துப் படங்கள் கிடக்கவேண்டாம் என்று, கொப்பி பண்ணாமல், வெட்டிப் பென்ட்ரைவில் ஒட்டினார். பட்டை ஓடி முடிந்தது, சாளரம் மறைந்தது. கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"தம்பி, பேரெல்லாம் கிடக்கு. திறந்தா ஒண்டும் இல்லை."

பார்த்தேன். பைல் பெயர்கள் வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் பூச்சியம் பைட். சில படங்கள் நெற்றி வரை வந்து, அதற்குக் கீழே சாம்பல் நிறம். கணினியில் மூல போல்டர் இல்லை, வெட்டியாயிற்றே. அழிந்த பைல்களை மீட்கும் போட்டோரெக் போட்டு இரவிரவாகத் தேடினேன். கொஞ்சப் படங்கள் பெயரில்லாமல் கிடைத்தன. பக்க வடிவமைப்புப் பைல் கிடைக்கவே இல்லை. முப்பத்தோராம் நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார்கள். அட்டைப் படத்துக்கு அவர் தெரிவுசெய்து வைத்திருந்த, தாய் சிரித்துக்கொண்டிருக்கும் படம் தப்பவில்லை. அடையாள அட்டையில் இருந்ததைப் பெருப்பித்துப் போட்டார்கள்.

"கழற்றமுன் இஜெக்ட் பண்ணியிருக்கவேணும் அண்ணை" என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "முடிஞ்சுது எண்டு உங்கட மெஷின்தானே காட்டினது?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதனால்தான் இப்போதும் யாராவது "யூசர் பிழை" என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது.

உள்ளே நடப்பது இதுதான். லினக்ஸ் ஒரு பைலை எழுதும்போது முதலில் ராமில் எழுதிவைக்கிறது. பென்ட்ரைவுக்கு அனுப்புவது அப்புறம்தான். வழக்கமான செட்டிங்கில், இப்படிக் காத்திருக்கும் தரவு பாவிக்கக்கூடிய ராமில் 10 சதவீதத்தைத் தாண்டினால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 சதவீதத்தை நெருங்கும்போதுதான் கொப்பி பண்ணும் புரோகிராமை இழுத்துப் பிடிக்கும். அதற்குள் அடங்குகிற சின்னப் பைல் 30 செக்கன் கூட ராமிலேயே கிடக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 ஜிகாபைட் ராமில் 6 ஜிகாபைட் சும்மா இருந்தால், 20 சதவீதம் என்பது 1.2 ஜிகாபைட். ஒருவர் 700 மெகாபைட் வீடியோவைக் கொப்பி பண்ணுகிறார். ராம் அதைச் சில செக்கன்களில் வாங்கிவிடும், பட்டையும் நிறைந்துவிடும். மலிவான பென்ட்ரைவ் செக்கனுக்கு 5 மெகாபைட் எழுதும் என்று வைத்தால், உண்மையில் எழுதி முடிய 140 செக்கன் வேண்டும். மிச்சம் இரண்டு நிமிடத்துக்கு மேல் திரை சொல்வது உண்மையில்லை.

வெட்டி ஒட்டினால் இன்னும் மோசம். ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு நகர்த்துவது என்றால் கொப்பி பண்ணிவிட்டு மூலத்தை அழிப்பதுதான். ராமில் எழுதியதையே கொப்பி முடிந்ததாக எடுத்துக்கொண்டு புரோகிராம் மூலத்தை அழித்துவிடும். கணினிக்குள் இருக்கும் எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான ஃபோர்மட்) டிஸ்க், வழக்கமாக 5 செக்கனுக்கு ஒருமுறை தன் மாற்றங்களைப் பதியும். ஆகவே அழித்தது உடனே பதிவாகிவிடும், பென்ட்ரைவில் எழுதுவது ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் கழற்றினால் இரண்டு பக்கமும் போய்விடும். அந்த அண்ணைக்கு நடந்தது இதுதான்.

புதியவர்கள் இதைக் கேட்டவுடன் ஓடிப்போய்ச் செய்வது, மவுன்ட் பண்ணும்போது, அதாவது டிஸ்க்கை லினக்ஸில் இணைக்கும்போது, 'சிங்க்' தெரிவைப் போடுவது. நானும் அதைத்தான் செய்தேன். செய்யாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் எழுதிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும் என்பதால் வேகம் படுத்துவிடும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவதால் பென்ட்ரைவின் ஆயுளும் குறையும். மவுன்ட் கட்டளையின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது.

நான் இப்போது செய்வது வேறு. முதலாவது, காத்திருக்கும் தரவின் அளவைச் சதவீதத்தில் விடாமல் பைட்டில் கட்டிப்போடுகிறேன். கெர்னல் செட்டிங்கை மாற்றும் சிஸ்கட்டிலில் 'டர்ட்டி பைட்ஸ்' 50331648, 'டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ்' 16777216, அதாவது 48 மெகாபைட்டும் 16 மெகாபைட்டும். அப்புறம் பட்டை மெதுவாகத்தான் ஓடும், ஆனால் உண்மையைச் சொல்லும். பட்டை முடிந்த பிறகு எழுத மிச்சம் இருப்பது ஏறக்குறைய 10 செக்கன் வேலைதான். இது உள் டிஸ்க்குக்கும் சேர்த்துத்தான், ஆனால் வாசிகசாலைக் கணினியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கெர்னல் 6.2 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், வெளியிலிருந்து செருகும் டிஸ்க்குக்கு மட்டும் தனி வரம்பு வைக்கலாம். அது இன்னும் நல்லது.

இரண்டாவது, மவுன்ட் பண்ணும் வேலையை, அதற்கென்றே உள்ள யூடிஸ்க்ஸ் என்ற சேவையிடம் விட்டுவிடுகிறேன். அது ஃபாட் முறையில் ஃபோர்மட் பண்ணிய பென்ட்ரைவுகளுக்கு 'ஃப்ளஷ்' என்ற தெரிவைத் தானாகவே போடும். சிங்க் போல மூச்சுமுட்டாமல், தரவை நேரத்தோடு வெளியே தள்ளிவிடும். ஃபாட்டின் புதிய வடிவமான எக்ஸ்ஃபாட்டுக்கு அந்தத் தெரிவு கிடையாது. 64 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ள எஸ்டி கார்டுகள் எக்ஸ்ஃபாட்டில்தான் வருகின்றன, ஆகவே ஃப்ளஷை மட்டும் நம்பி இருக்கமுடியாது.

மூன்றாவதுதான் பலன் கூடத் தந்தது. டெஸ்க்டொப்பில் பெரிதாக ஒரு பட்டன், தமிழில்: "பென்ட்ரைவைக் கழற்ற". அமத்தினால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடும். முதலில் "எழுதிக்கொண்டிருக்கிறது, கழற்ற வேண்டாம்" என்று திரை நடுவில் காட்டும். மவுன்ட் கழன்ற பிறகு யூஎஸ்பி மின்சாரத்தை நிறுத்தும். அப்புறம் பச்சை நிறத்தில் "இப்போது கழற்றலாம்". பல பென்ட்ரைவுகளில் லைட்டும் அணைந்துவிடும். வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கும் லைட் அணைந்தது விளங்கும். ஒன்றைக் கவனியுங்கள்: கணினிக்குள்ளேயே பொருத்திய கார்ட் ரீடருக்கு மின்சாரத்தை நிறுத்தினால், திரும்ப பூட் பண்ணும்வரை ரீடர் கண்ணில் படாமல் போகலாம். அதற்கு மவுன்ட்டைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## யூடெவ் விதிக்குள் மவுன்ட் கட்டளையை எழுதுவது

யூடெவ் என்பது, கருவி ஒன்றைச் செருகியதும் கண்டுகொண்டு, நாம் எழுதிய விதிப்படி வேலை செய்யும் பகுதி. அந்தத் தம்பிமார் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். "விதி ஓடுது அண்ணா, லொக்கில தெரியுது, ஆனா போல்டர் வெறுமையாக் கிடக்கு" என்றார்கள். நானும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதில் தொலைத்திருக்கிறேன்.

சிஸ்டம்டி (பூட்டையும் சேவைகளையும் நடத்தும் பகுதி) உள்ள லினக்ஸில், யூடெவ் தனக்கென்று ஒரு தனி மவுன்ட் வெளிக்குள் ஓடுகிறது. விதிக்குள் மவுன்ட் பண்ணினால் அது யூடெவ்வுக்கு மட்டும்தான் தெரியும், முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. அதோடு, விதி தொடங்கிவைத்த நீண்ட வேலைகளை யூடெவ் நிறுத்திவிடும். விண்டோஸ் டிஸ்க்கைத் திறக்கும் என்டிஎஃப்எஸ்-3ஜி போலப் பின்னணியில் ஓடவேண்டியவை செத்துப்போகும். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் பல, இந்த ஏற்பாடு வருவதற்கு முன் எழுதியவை.

எக்ஸ்எஃப்சிஈ, க்னோம், கேடிஈ போன்றவற்றில் ஒன்றும் எழுதத் தேவையில்லை, யூடிஸ்க்ஸ் ஏற்கனவே இருக்கிறது. ஓபன்பொக்ஸ் போல மெலிந்த டெஸ்க்டொப் போட்டிருந்தால் யூடிஸ்கி என்ற சின்ன புரோகிராமைத் தொடக்கத்தில் ஓடவிடுங்கள், போதும். பென்ட்ரைவ் செருகும்போது கடவுச்சொல் கேட்டால், யாருக்கு அனுமதி என்று பார்க்கும் போல்கிட்டின் விதியை எல்லாருக்கும் திறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அந்த லொகின், கணினி முன்னால் இருப்பவருடைய நடப்பு செஷனாகப் பதிவாகியிருக்காது. லொகின் சாளரம் வழியாக ஒழுங்காக உள்ளே போகச் செய்தால் கேள்வி நின்றுவிடும்.

## எஃப்எஸ்டாப்பில் வெளி டிஸ்க்கை எழுதிவைப்பது

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் ஒரு வாசிகசாலைக் கணினி, கரண்ட் வந்தபின் பூட் ஆக மறுத்தது. கறுப்புத் திரையில் 90 செக்கன் காத்திருப்பு, அப்புறம் 'எமர்ஜென்சி மோட்' என்று ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கேட்டு நின்றது. நூலகப் பொறுப்பாளர் அக்கா பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

காரணம் நான்தான். பேக்கப் எடுக்கும் வெளி டிஸ்க்கை, பூட் ஆகும்போது மவுன்ட் பண்ண வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டாப்பில் எழுதியிருந்தேன். அதை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். டிஸ்க் இல்லை என்றவுடன் சிஸ்டம்டி முழு பூட்டையும் நிறுத்திவிட்டது. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற தெரிவு) போடுங்கள், காத்திருக்கும் நேரத்தை 5 செக்கனுக்குக் குறையுங்கள், எஸ்டிபி1 போன்ற பெயரை விட்டு யூயூஐடி (டிஸ்க்கின் தனி அடையாள எண்) கொடுங்கள். அடுத்த முறை செருகும்போது எஸ்டிபி, எஸ்டிசி ஆகிவிடலாம்.

## தமிழ்ப் பெயர்களைச் சோதிக்காமல் விடுவது

ஆங்கிலப் பெயர்களை வைத்து மட்டும் சோதித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஃபாட், எக்ஸ்ஃபாட் இரண்டிலும் பைல் பெயர் 255 குறியீடுகள் வரை போகலாம். எக்ஸ்ட்4-ல் எல்லை 255 பைட். யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், ஆகவே 85 குறியீடுதான். அதிலும் 'யா' என்றால் இரண்டு, 'ழ்' என்றால் இரண்டு. போனில் வைத்த நீளமான தமிழ்த் தலைப்புப் பென்ட்ரைவில் நன்றாக இருக்கும், கணினிக்குக் கொப்பி பண்ணும்போது "பெயர் நீளம் கூட" என்று நின்றுவிடும். கோயில் திருவிழா வீடியோக்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பெயரைச் சுருக்கச் சொல்லிக் கொடுங்கள்.

பென்ட்ரைவுக்கே பெயர் வைப்பதானால் எக்ஸ்ஃபாட்டில் 11 குறியீடு. "யாழ்ப்பாணம்" சரியாகப் பதினொன்று. பழைய ஃபாட்டில் தமிழ்ப் பெயர் வைக்க முயலவேண்டாம்.

## பென்ட்ரைவை எக்ஸ்ட்4-ல் ஃபோர்மட் பண்ணுவது

அதில் உரிமையாளர் எண்ணும் சேர்ந்து எழுதப்படும். இன்னொரு கணினியில் அந்த எண் வேறு ஆளுடையதாக இருந்தால், அப்புறம் எழுத விடாது. அதைத் தீர்க்க எல்லாவற்றுக்கும் 777 (யாரும் எதுவும் செய்யலாம் என்ற அனுமதி) கொடுப்பது அடுத்த பிழை. எக்ஸ்ஃபாட் போடுங்கள், 2020-ல் வந்த 5.7 கெர்னலிலிருந்து நல்ல ஆதரவு இருக்கிறது.

## விண்டோஸிலிருந்து வந்த டிஸ்க் எழுத விடவில்லை என்று வலிந்து திறப்பது

விண்டோஸ் 8-லிருந்து உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்', விண்டோஸை மூடும்போது டிஸ்க்கைப் பாதித் தூக்கத்தில் விட்டுப்போகிறது. விண்டோஸில் அதை நிறுத்தி, ஒழுங்காக மூடிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

## ரூட்டாகப் பைல் மேனேஜரைத் திறந்து கொடுப்பது

வேண்டாம்.

## பென்ட்ரைவில் உள்ளதைத் தானாக ஓடவிடுவது

சாளரம் தானாகத் திறக்கட்டும், புரோகிராம் தானாக ஓடக்கூடாது.

## "டிவைஸ் பிஸி" என்ற ஆங்கில வரியோடு ஆளை விட்டுவிடுவது

கழற்றும் பட்டனை அமத்தினால் சிலவேளை இது வரும். பெரும்பாலும் பென்ட்ரைவிலிருந்து திறந்த பிடிஎஃப் இன்னும் திறந்திருக்கும். என் ஸ்கிரிப்ட் இப்போது எந்தப் புரோகிராம் பிடித்துவைத்திருக்கிறது என்று 'எல்சோஃப்' மூலம் பார்த்து, "முதலில் இந்தப் பைலை மூடுங்கள்" என்று பைலின் பெயரோடு தமிழில் சொல்கிறது. அந்தத் தம்பிமாருக்கும் இதைத்தான் கடைசியாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் முதலில் சோதித்தது, வாசிகசாலைக்குப் பேப்பர் பார்க்க வந்த ஐயா ஒருவரின் பென்ட்ரைவில். அவர் அமத்தினார், பச்சை வந்தது, லைட் அணைந்தது, கழற்றிக்கொண்டு போனார்.