கன்ட்ரோல் எம்சிபி நிற்காமல் விழுகிறதா? ஷார்ட்டைத் தேடும் முறை

415 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்பார்மர், அடுத்து 2 ஆம்பியர் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), அதற்குப் பிறகு பட்டன், லிமிட் சுவிட்ச் (மெஷின் பாகம் முட்டினால் மாறும் சுவிட்ச்), காண்டாக்டர் (காயிலால் இயங்கும் பெரிய சுவிட்ச்), சோலினாய்டு (வால்வை இழுக்கும் காயில்). பழைய மெஷின் பேனல்கள் பலவும் இப்படித்தான் இருக்கும். அந்த எம்சிபி விழுந்து, தூக்கிவிட்டதும் மறுபடி விழுகிறது என்றால் மூன்றாவது தடவை தூக்காதீர்கள்.

முதலில் ஆபரேட்டரிடம் கேளுங்கள்: "எப்போ விழுந்துச்சு அண்ணே?" பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். மெயின் போட்டதுமே விழுந்தால் கோளாறு எம்சிபிக்கும் திறந்திருக்கும் முதல் காண்டாக்டுக்கும் (சுவிட்சின் தொடும் முனை) நடுவில். ஸ்டார்ட் அழுத்தும்போது என்றால் பட்டனுக்கு அப்புறம். டேபிள் நகரும்போது மட்டும் என்றால் அசையும் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து ஐசோலேட்டரை (பேனலின் மெயின் சுவிட்ச்) ஆஃப் செய்து பூட்டி, சாவியை உங்கள் பையில் போடுங்கள். சப்ளை உள்ள வேறோர் இடத்தில் மீட்டரைச் சரிபார்த்துவிட்டு, பேனலில் சப்ளை இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஐசோலேட்டரின் இன்கமிங் பக்கம் அப்போதும் உயிரோடுதான் இருக்கும், கை போகக் கூடாது.

இனி ஓம்ஸ். எம்சிபி ஆஃபிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மர் காயிலின் சின்ன ஓம்ஸைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள். எம்சிபி அவுட்கோயிங்குக்கும் காமனுக்கும் (எல்லாக் காயில்களும் திரும்பி வந்து சேரும் வயர்) நடுவில் அளந்து பாருங்கள். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று ஒட்டினால் வரும் அதே 0.2, 0.3 ஓம் வந்தால் ஷார்ட். தூரத்து ஷார்ட் என்றால் கேபிளின் ஓரிரு ஓம் கூடும். அதற்கு மேல் நன்றாகக் கூடுதலாக வந்தால் அது நல்ல காயிலாகவே இருக்கலாம். பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், பல மீட்டர்கள் 30 ஓமுக்கே கத்தும். எர்த்துக்கும் அளந்துவிடுங்கள். 110 வோல்ட்டின் ஒரு முனையை வழக்கமாக எர்த் செய்திருப்பார்கள், லைவ் வயர் மெஷின் பாடியைத் தொட்டாலே ஷார்ட்தான்.

எல்லாம் சரியாகக் காட்டியும் எம்சிபி விழுகிறதா? புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். சப்ளை இல்லாதபோது காண்டாக்டுகள் திறந்திருக்கும், ஷார்ட் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். டெர்மினல் வரிசைக்கு வந்து, வெளியே போகும் ஒவ்வொரு வயரையும் காமனுக்கும் எர்த்துக்கும் அளந்து பாருங்கள்.

ஒரே டெர்மினலில் பல வயர் சேர்ந்திருந்தால், நம்பரைக் குறித்துக்கொண்டு பாதியைக் கழற்றுங்கள். ஷார்ட் எந்தப் பாதியில் நிற்கிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். 16 வயர் என்றாலும் நாலு தடவையில் ஒன்றே ஒன்று மிஞ்சும்.

எனக்கு ஒருமுறை அப்படி மிஞ்சியது ஒரு லிமிட் சுவிட்ச் வயர். மூடியைத் திறந்தால் உள்ளே கூலன்ட் தேங்கியிருந்தது. கிளாண்ட் (கேபிள் நுழையும் இடத்தைப் பிடித்திருக்கும் நட்டு) தளர்ந்து, அதன் விளிம்பில் உரசி இன்சுலேஷன் தேய்ந்து, செம்பில் கடுகளவு கருப்புப் புள்ளி. டேப் சுற்றவில்லை. வயரை மாற்றி, கிளாண்டை இறுக்கி, மறுபடி ஓம்ஸ் பார்த்த பிறகுதான் எம்சிபியைத் தூக்கினேன்.