பிளாஸ் ஒன் இதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன்

பிளாஸ் ஒன் என்ற அறிவியல் ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையை, அதை மதிப்பிடும் துறை வல்லுநரான மதிப்பாய்வாளர் கைக்குப் போகுமுன் இதழின் அலுவலகம் சரிபார்க்கும். அங்கிருந்து கட்டுரை திரும்பி வருவது பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய குறைகளால்தான்.

வேர்டு கோப்பில் இரட்டை வரி இடைவெளி, பக்க எண், வரி எண் வேண்டும். வரி எண் பக்கத்துக்குப் பக்கம் 1-இல் தொடங்காமல் தொடர்ந்து ஓட வேண்டும். மதிப்பாய்வாளர் பிழையைச் சுட்டிக்காட்டுவது அதை வைத்துத்தான். சுருக்கம் 300 சொற்களுக்குள், மேற்கோள் எண் இல்லாமல்.

அதிகம் இடறுவது படங்களில். அவற்றை டிஃப் அல்லது இபிஎஸ் வடிவில், 300 முதல் 600 டிபிஐ (ஓர் அங்குலத்தில் உள்ள புள்ளிகள்) வரை, தனித்தனிக் கோப்பாக ஏற்றுங்கள். விளக்கக் குறிப்பு மட்டும் கட்டுரைக்குள், படம் முதலில் சுட்டப்படும் பத்திக்கு அடுத்து வரும். அட்டவணைகளும் கட்டுரைக்குள்ளேயே. திரைப்பிடிப்பை எடுத்து டிபிஐ எண்ணை மட்டும் உயர்த்தினால் படம் தெளிவாகாது. வரைந்த மென்பொருளிலிருந்தே மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.

"தரவு கேட்டால் தருவோம்" என்று மட்டும் எழுதினால் ஏற்கமாட்டார்கள். ஸெனோடோ, டிரையட் போன்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் போட்டு, அந்தத் தரவுக்கான நிலையான அடையாளமான டிஓஐ எண்ணைக் கொடுங்கள். இது சம்பிரதாயம் அல்ல, உங்கள் முடிவைப் பிறர் சோதிக்க வேறு வழியில்லை.

நிதி விவரம் நன்றியுரையில் வேண்டாம், இணையப் படிவத்தில் நிரப்புங்கள். மனிதர்களிடம் நடத்திய ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் பெயர், அனுமதி எண் இரண்டும் செய்முறைப் பகுதியில் இருக்கட்டும். இதழோடு தொடர்பு கொள்ளும் ஆசிரியருக்கு ஆர்கிட் எண் (ஆய்வாளரின் தனி அடையாள எண்) கட்டாயம். கடைசியாக, கட்டுரையை ஏற்றும் தளம் உருவாக்கும் பிடிஎஃப்பை முழுதாகத் திறந்து பாருங்கள். சமன்பாடுகள் குலைவது அங்கேதான் தெரியும்.