ரீபூட்டுக்குப் பிறகு திரும்பி வராத சர்வர்: எஃப்எஸ்டேப் தவறுகள்

லினக்ஸ் சர்வர் பூட் ஆகும்போது எந்த டிஸ்கை எந்த டைரக்டரியில் மவுண்ட் செய்ய (இணைக்க) வேண்டும் என்று சொல்லும் பட்டியல்தான் எஃப்எஸ்டேப் ஃபைல். அதில் செய்த தவறு அன்றைக்கே தெரியாது. திருத்தி, சேவ் பண்ணிவிட்டு வெளியே வந்துவிடுவீர்கள். சர்வர் அது பாட்டுக்கு ஓடும். சில மாதம் கழித்து கெர்னல் அப்டேட்டுக்காக வேறு யாராவது ரீபூட் கொடுப்பார். சர்வர் எழுந்து வராது. அவர் பாவம், புதுக் கெர்னலைத்தான் சந்தேகப்படுவார்.

உள்ளே நடப்பது இதுதான். சிஸ்டம்டி (பூட்டையும் சர்வீஸ்களையும் நடத்தும் புரோகிராம்) உள்ள லினக்ஸில், வேறு மாதிரி குறிப்பிடாதவரை, எஃப்எஸ்டேப்பில் உள்ள ஒவ்வொரு டிஸ்கும் மவுண்ட் ஆனால்தான் பூட் மேலே நகரும். டிஸ்க் கிடைக்காவிட்டால் வழக்கமாக 90 நொடி காத்திருந்து, எமர்ஜென்சி மோடுக்கு (பழுது பார்ப்பதற்கான நிலை) போய்விடும். அங்கே எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாக லாகின் செய்யும் வழி) கிடையாது. கன்சோல் வழியாகப் போனால் ரூட் பாஸ்வேர்டு கேட்கும். கிளவுடில் தரும் உபுண்டு இமேஜ்களில் ரூட் கணக்கு பூட்டியே இருக்கும், அதனால் அந்த வழியும் அடைபடும்.

டிஸ்கை /டெவ்/எஸ்டிபி என்று எழுதாமல் யூயூஐடி (டிஸ்கில் பதிந்திருக்கும் அடையாள எண்) எழுதச் சொல்லி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். டிஸ்க் சேர்த்தாலோ எடுத்தாலோ /டெவ்/எஸ்டிபி என்ற பெயர் மாறலாம், அவ்வளவுதான் காரணம்.

அதிகம் பேசப்படாதது 'நோஃபெயில்' ஆப்ஷனின் மறுபக்கம். டேட்டா டிஸ்க் வரியில் இதைச் சேர்த்தால், டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும். கட்டாயம் சேருங்கள். ஆனால் பயனர்கள் அனுப்பும் படங்கள் /எஸ்ஆர்வி/அப்லோட்ஸில் போய்ச் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க் மவுண்ட் ஆகாத நாளில் அங்கே இருப்பது ரூட் டிஸ்கின் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) வெறும் டைரக்டரி. அப்ளிகேஷனுக்கு அது தெரியாது. படங்களை அதிலேயே எழுதித் தள்ளும். பிறகு டிஸ்கை மவுண்ட் செய்ததும் அந்தப் படங்கள் அடியில் மறைந்துவிடும். ரூட் டிஸ்க் மட்டும் ஏன் நிரம்புகிறது என்று இடத்தை அளக்கும் டியூ கமாண்டை எத்தனை தடவை ஓட்டினாலும் பிடிபடாது. இதைத் தடுக்க, மவுண்ட் செய்யும் முன்பே அந்த வெறும் டைரக்டரிக்கு 'சிஎச்ஆட்டர் +ஐ' போட்டுவிடலாம். ரூட் பயனரால்கூட அதில் ஃபைல் எழுத முடியாது, மேலே மவுண்ட் செய்வதற்கும் தடை இல்லை. அந்த அப்ளிகேஷனை சிஸ்டம்டி எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் யூனிட் ஃபைலில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' வரி (டிஸ்க் மவுண்ட் ஆகாமல் தொடங்காதே என்பது) சேர்ப்பது இன்னும் நல்லது.

எஃப்எஸ்டேப்பில் உள்ளதையெல்லாம் மவுண்ட் செய்யும் 'மவுண்ட் -ஏ' பிழை காட்டவில்லை, அதனால் எல்லாம் சரி என்பது அடுத்த ஏமாற்றம். ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருப்பதை அது தொடாது. பழைய வரியில் ஆப்ஷனை மட்டும் மாற்றியிருந்தால், அந்த மாற்றம் சோதிக்கப்படவே இல்லை. 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' ஃபைல் முழுவதையும் படித்துக் குறை சொல்லும். கூடவே, சிஸ்டம்டி எஃப்எஸ்டேப்பை மறுபடி படிக்க 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' கொடுக்க வேண்டும். பழைய டிஸ்கை எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் மாட்டும்போது இதை விட்டால் வேடிக்கைதான்: மவுண்ட் கமாண்ட் ஒரு பிழையும் சொல்லாமல் முடியும், போய்ப் பார்த்தால் டைரக்டரி காலி. சிஸ்டம்டி இன்னும் பழைய டிஸ்கையே நினைவில் வைத்திருந்து, 'அதுதான் இல்லையே' என்று உடனே அன்மவுண்ட் செய்திருக்கும்.

/ஹோமுக்குத் தனி டிஸ்க் மாட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: உங்கள் லாகின் கீ அந்த டைரக்டரிக்குள்தான் இருக்கிறது. முதலில் ஓனர், பர்மிஷன் மாறாமல் நகல் எடுங்கள். எஸ்இலினக்ஸ் (கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) இருந்தால், அதன் லேபிள்களைச் சரிசெய்ய 'ரீஸ்டோர்கான்' ஓட்டுங்கள். திறந்திருக்கும் செஷனை மூடாமல், இன்னொரு விண்டோவில் புதிதாக லாகின் செய்து பாருங்கள்.

பாதுகாப்புப் பட்டியலைப் பார்த்து /வார்-க்கு 'நோஎக்ஸெக்' (அங்குள்ள ஃபைல்களை நேரடியாக ஓட்ட விடாத ஆப்ஷன்) போட்டால் டெபியனில் பேக்கேஜ் இன்ஸ்டாலே நின்றுவிடும். அதன் ஸ்கிரிப்ட்கள் அங்கிருந்துதான் ஓடுகின்றன.

இவ்வளவும் சரிபார்த்த பிறகு, அன்றைக்கே, கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்களே ரீபூட் கொடுங்கள். அப்படியும் வராவிட்டால் ரூட் டிஸ்கைக் கழற்றி வேறொரு சர்வரில் மாட்டி, எஃப்எஸ்டேப்பைத் திருத்தலாம். இரண்டும் ஒரே இமேஜிலிருந்து வந்த எக்ஸ்எஃப்எஸ் (ஒரு ஃபைல் சிஸ்டம் வகை) டிஸ்குகள் என்றால் யூயூஐடி ஒன்றாக இருந்து மவுண்ட் மறுக்கும். 'நோயூயூஐடி' ஆப்ஷன் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும்.