இயந்திரத்தில் அடிபட்டால் நட்டஈடு எடுப்பது எப்படி? திருகோணமலையில் இருந்து ஒரு செய்முறை

கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் என் மைத்துனரின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. நழுவிய பெல்ட்டைப் புல்லியில், அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தில், தள்ளிப் போடப் போனார். புல்லிக்கு மூடி கிடையாது. அவருடைய நட்டஈட்டுக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் எல்லோருக்கும் பொது. ஆனால் சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது.

1. ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வாக்கியம்

கூட்டி வந்த மேற்பார்வையாளர் "வீட்டில் நடந்தது என்று சொல், பொலிஸ் பிரச்சினை வராது" என்பார். கேட்காதீர்கள். "வேலை நேரத்தில், இன்ன ஆலையில், இன்ன இயந்திரத்தில்" என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரி டிக்கெட்டில் (நோயாளியின் விபரம் எழுதும் தாளில்) அப்படியே எழுதப்பட வேண்டும். பொலிஸாருக்கான வாக்குமூலத்தைத் தமிழில் கொடுங்கள். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்றைக்கே கூட வேலை செய்யும் ஒருவரிடம் இயந்திரத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் போனால் புத்தம் புதிய கம்பி வலை வெல்டிங் செய்யப்பட்டு, பெயின்ட்கூடக் காயாமல் இருக்கும்.

2. முதலாளிக்குக் கடிதம்

ஒரு பக்கம் போதும்: திகதி, நேரம், இடம், காயம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியை நான் நம்புவதில்லை; தபால் கந்தோர்ப் பற்றுச்சீட்டை நம்புகிறேன். காயப்பட்டவர் மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்து முழுச் சம்பளம் பெற முடியாமல் போனால், தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அவர் அறிவிக்காவிட்டால், மாவட்டத் தொழில் அலுவலகத்தில் நீங்களே முறைப்பாடு கொடுங்கள்.

3. சம்பளத்தை நிரூபிப்பது

எங்கள் கோப்பு இங்கேதான் சிக்கியது. நட்டஈட்டுத் தொகை மாதச் சம்பளத்தையும் உடல் இழப்பின் வீதத்தையும் வைத்தே கணிக்கப்படுகிறது. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, அந்த ஆண்டின் மொத்தச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் மாதச் சம்பளம்.

நாட்கூலிக்காரரிடம் சம்பளச் சிட்டை எங்கே இருக்கிறது? சனிக்கிழமை மாலை காசு கைக்கு வரும், அவ்வளவுதான். ஒரு நாளுக்கு 2,500 ரூபாய், மாதம் 24 நாள் என்றால் 60,000 ரூபாய். முதலாளி 20,000 என்று எழுதிக் கொடுத்தால் நட்டஈடும் அதற்கேற்பச் சுருங்கும்.

மைத்துனரின் மனைவி ஒரு சீ.ஆர். கொப்பியில் வாராவாரம் வரவு செலவு எழுதியிருந்தார். மீன் 600, பால்மா, சீட்டுக்காசு, அதற்கு மேலே "அவர் தந்தது" என்று ஒரு வரி. அந்தக் கொப்பி, கூட வேலை செய்த இருவர் சமாதான நீதவான் முன் கொடுத்த சத்தியக்கடதாசிகள், கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினோம். வங்கியில் போட்ட காசு இருந்தால் அந்தப் பக்கத்தையும் பிரதி எடுங்கள். ஆலை தரும் சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் பணமாக மதிப்பிட முடிந்தால் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்கலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

4. "இதில் ஒரு கையெழுத்து"

கட்டில் பக்கம் ஒரு கவர் வரும், கூடவே "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளும் வரும். மருந்துச் செலவுக்கு என்றால் காசை வாங்குங்கள், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். சமரசம் செய்வதென்றால் உடன்படிக்கை, இந்தச் சட்டப்படி நட்டஈட்டு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரியான தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவு செய்யப்பட வேண்டும். சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினால் அது செல்லாது.

"நீதானே கையை விட்டாய்" என்று மிரட்டுவார்கள். வெறும் கவனக்குறைவு நட்டஈட்டைப் பறிக்காது. போதையில் இருந்தது, பாதுகாப்புக்கான உத்தரவை வேண்டுமென்றே மீறியது, காப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவைதான் முதலாளி சொல்லக்கூடிய சாட்டுகள். உயிரிழப்பு என்றால் அவையும் எடுபடாது. இல்லாத மூடியை எப்படிக் கழற்றுவது?

5. விண்ணப்பம்

விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொழும்பிலுள்ள ஆணையாளர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். வைத்தியரின் இறுதி மதிப்பீட்டை, புண் ஆறி விரல்களின் அசைவு தெரிந்த பிறகு எடுங்கள். அவசரப்பட்டால் வீதம் குறைவாக விழலாம். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை தரும் கொடுப்பனவை அதற்கு முன்பே கேட்கலாம். ஆவணங்களின் அசலை யாருக்கும் கொடுக்காதீர்கள். கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள், தரகர் வேண்டாம்.

பிற்சேர்க்கை: மூதூர் வாசகர் ஒருவர், தான் கொந்தராத்துக்காரரின் ஆள் என்றும் ஆலை நிர்வாகம் "எங்களுக்குத் தெரியாது" என்று கைவிரிக்கிறது என்றும் எழுதியிருந்தார். ஆலையின் வழமையான வேலையை ஆலை வளவுக்குள் செய்திருந்தால் நிர்வாகத்திடமே நட்டஈடு கேட்கலாம். அவர்கள் பிறகு கொந்தராத்துக்காரரிடம் அறவிடட்டும். இன்னொருவர் மரணம் பற்றிக் கேட்டார். அந்த நட்டஈடு ஆணையாளரிடம்தான் வைப்பிலிடப்பட வேண்டும். செத்த வீட்டில் குடும்பத்தின் கையில் கொடுத்த காசு அந்தக் கடனைத் தீர்க்காது.