காதில் இயர்போனோடு ஜார்ஜ் டவுன் சுற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சென்னைப் பாரிமுனையில் பேருந்தைவிட்டு இறங்கி, இயர்போனைச் செருகி, போனில் ஊர் சுற்றிக்காட்டும் ஆடியோவை ஓடவிட்டால் ஜார்ஜ் டவுன் தானாகப் புரிந்துவிடும் என்று நினைத்துத்தான் நானும் முதல் தடவை போனேன். இரண்டரை மணி நேரம் நடந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஞாபகத்தில் இருந்தது மூன்றே மூன்று: வெயில், ஒரு மீன்பாடி வண்டிக்காரர் விட்ட திட்டு, "இப்போது உங்கள் இடப்புறம் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்த குரல். அப்புறம் நாலைந்து தடவை போய்த்தான் எங்கே கோட்டைவிட்டேன் என்று தெரிந்தது.

முதல் தவறு, தெருவில் வைத்து முதல் முறையாகக் கேட்பது. ஆடியோவை முந்தின நாளே வீட்டில் ஒருமுறை முழுக்க ஓடவிட்டுக் கேட்டுவிடுங்கள், சமையல் நடக்கும்போதோ துணி மடிக்கும்போதோ. கதையின் சுவாரஸ்யம் போய்விடுமே என்று கேட்பீர்கள். போகாது. இந்த ஊரின் கதையை வரிசை தெரியாமல் துண்டு துண்டாகக் கேட்டால் ஒன்றும் ஒட்டாது, ஏனென்றால் ஜார்ஜ் டவுனின் கதை ஜார்ஜ் டவுனுக்குள் தொடங்கவே இல்லை. எதிரே இருக்கும் உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்குகிறது.

வெள்ளைக்காரர்கள் 'கறுப்பர் நகரம்' என்று பெயர் வைத்திருந்த பழைய ஊர், புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே அதை ஒட்டி, இன்றைக்கு நீதிமன்றம் இருக்கும் நிலத்தில்தான் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749-ல் ஒப்பந்தத்தின்படி திருப்பிக் கொடுத்தார்கள், 1758 கடைசியில் மறுபடி முற்றுகை போட்டார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி அதன் மறைவில் நின்று சுடுவான் என்று அந்தக் காலகட்டத்தில் பழைய ஊரே இடித்துத் தள்ளப்பட்டு வெட்டவெளி ஆனது. அங்கே இருந்த பெருமாள் கோயிலும் அதோடு போய், 1760-களில் வடக்கே வேறு இடத்தில் மறுபடி எழும்பியது. பூக்கடைப் பக்கம் இரட்டைக் கோயிலாக நிற்கும் சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர் கோயில்கள்தான் அவை. இன்றும் பெரியவர்கள் 'பட்டணம் கோயில்' என்பார்கள். சரி, வெட்டவெளியில் மறுபடி யாரும் வீடு கட்டக்கூடாதே, அதற்காக 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்னும் இருக்கிறது, பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக. தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள், நானும் வருஷக்கணக்காகத் தாண்டிப் போனவன்தான். நாம் இப்போது சுற்றும் ஊர் அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம் வளர்ந்தது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் பெயரைச் சூட்டி ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள்.

இவ்வளவும் தலையில் இருந்தால் அந்தச் சின்னத் தூணுக்கு முன் பத்து நிமிஷம் நிற்கலாம். இல்லாவிட்டால் அது ஒரு கல்.

அடுத்து, இரண்டு காதையும் அடைத்துக்கொள்வது. தயவுசெய்து வேண்டாம். நடைபாதை முழுக்கச் சரக்கு, சாலையில் கைவண்டி, மீன்பாடி வண்டி, தலைச்சுமையோடு ஓடுகிறவர்கள். அவர்கள் "ஓரம், ஓரம்" என்று கத்துவதுதான் அங்கே ஹாரன். சத்தத்தைக் குறைக்கும் வகை இயர்போன் என்றால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு காது மட்டும் போதும், அதுவும் நடக்கும்போது நிறுத்திவிட்டு, ஒரு கடைத்திண்ணை ஓரமாக நின்ற பிறகு ஓடவிடுங்கள். நடந்துகொண்டே கேட்பவர் கேட்பதும் அரைகுறை, பார்ப்பதும் அரைகுறை.

ஜிபிஎஸ்ஸை நம்பித் தலையை ஆட்டுவது இன்னொன்று. தம்பு செட்டி தெருவும் லிங்கி செட்டி தெருவும் அடுத்தடுத்து இணையாக ஓடுகிற தெருக்கள், இரண்டு பக்கமும் நெருக்கமான மாடிக் கட்டடங்கள். போனின் புள்ளி சர்வசாதாரணமாக ஒரு தெரு தாண்டிக் குதிக்கும், ஆடியோவும் அதோடு குதிக்கும். நான் ஒரு பூட்டிய ஷட்டரைப் பார்த்து நின்றுகொண்டிருக்க, காதில் காளிகாம்பாள் கோயில் கோபுரத்தை வர்ணித்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் இருந்த ஒரு பெரியவர், "தம்பி, அம்மன் அடுத்த தெருவுல இருக்கா" என்று சிரித்தார். தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, கடைப் பலகைகளில் எழுதியிருக்கும் தெருப் பெயரைப் படித்து, சரியான இடத்துக்கு வந்த பிறகு நீங்களே தட்டுங்கள். ஆடியோவையும் வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்வது, சார்ஜ் பார்ப்பது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெயர்க் குழப்பத்துக்கும் தயாராகப் போங்கள். பல ஆடியோக்கள் பழைய பெயரிலேயே பேசும். சைனா பஜார் ரோடு என்றால் இன்றைய என்.எஸ்.சி. போஸ் சாலை, பிராட்வே என்றால் பிரகாசம் சாலை. நார்த் பீச் ரோடுதான் ராஜாஜி சாலை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அர்மேனியன் தெரு. தமிழில் அதற்கு 'அரண்மனைக்காரன் தெரு' என்று பெயர். அங்கே அரண்மனையும் இல்லை, அரண்மனைக்காரனும் இல்லை. அர்மேனியன் என்ற சொல் நம் வாயில் விழுந்து அப்படி ஆகிவிட்டது. இங்கிலீஷ் ஆடியோ மட்டும் கேட்டால் இந்தச் சுவை கிடைக்காது. அதனால் தமிழ் ஆடியோ கிடைத்தால் அதையும் கேளுங்கள், ஆனால் மனிதக் குரலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இயந்திரக் குரல் தங்கசாலை, கொண்டித்தோப்பு, கொத்தவால் சாவடி எல்லாவற்றையும் கொலை செய்கிறது.

அந்தத் தெருவிலேயே இன்னொரு பொதுவான தவறு நடக்கும். அந்தோணியாருக்காகக் கூட்டம் வருகிற கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் போய்விட்டு அர்மேனியன் தேவாலயத்தைப் பார்த்தாகிவிட்டது என்று திரும்பிவிடுவார்கள். அது வேறு, இது வேறு. அர்மேனியன் தேவாலயம் 1772-ல் கட்டியது, உள்ளே நுழைந்தால் தெருச் சத்தம் சட்டென்று அடங்கிப்போகும். முற்றத்துத் தரையில் கல்லறைக் கற்கள். உலகத்தின் முதல் அர்மேனிய இதழ் 1794-ல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான், அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் இங்கே இருக்கிறது. இந்த இடத்தில் இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. ஸ்பீக்கரில் போட்டு நாலு பேராகச் சுற்றி நின்று கேட்பது, இங்கும் சரி கோயில்களிலும் சரி, ரொம்பவே மோசம்.

காதில் விழுவதை எல்லாம் அப்படியே விழுங்காதீர்கள். கல்வெட்டு, ஆவணம் சொல்வது ஒன்று, காலங்காலமாகச் சொல்லப்படுவது ஒன்று. 1677-ல் சிவாஜி காளிகாம்பாளைத் தரிசித்தார் என்பது இரண்டாவது வகை, அப்படி நினைத்துக்கொண்டு கேட்டால் ஒரு தவறும் இல்லை. வால்டாக்ஸ் ரோடு இதற்கு நேர் எதிர். ஹைதர் அலியின் படை ஊர் விளிம்புவரை வந்து போன பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி இந்த ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, செலவை வரியாக மக்களிடம் வாங்கலாம் என்று திட்டம் போட்டது. வரி வசூலாகவே இல்லை, வால் டாக்ஸ், அதாவது மதில் வரி, என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆனால் 'இங்கேதான் வரி வாங்கினார்கள்' என்று நல்ல கம்பீரமான குரலில் சொல்லும் ஆடியோவை நான் கேட்டிருக்கிறேன்.

நேரம் பார்க்காமல் போவது. கட்டடங்களைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிறு காலை ஏழு மணி, கடைகள் மூடியிருக்கும், அண்ணாந்து மாடி முகப்புகளைப் பார்க்க இடம் இருக்கும். வியாபாரத்தைப் பார்க்க வேண்டுமானால் வார நாள் பதினோரு மணி, கோடவுன் தெருவில் துணி மூட்டைகளுக்கு நடுவே. இரண்டையும் ஒரே நடையில் முடிக்க நினைத்தால் இரண்டும் போச்சு. நண்பகலில் கோயில்கள் நடை சாத்திவிடும், கந்தகோட்டத்தில் வள்ளலார் சின்ன வயதில் பாடிய முருகனைப் பார்க்க மத்தியானம் போய் நிற்காதீர்கள். உயர் நீதிமன்றத்துக்குள்ளும் நினைத்தபடி உலாவ முடியாது, பாதுகாப்புச் சோதனை உண்டு. 1844-ல் கட்டிய கல் கலங்கரை விளக்கமும், 1894-லிருந்து 1977 வரை விளக்கு எரிந்த நீதிமன்றக் கோபுரமும் வெளியிலிருந்தே தெரியும். (வளாகம் பொதுவழி ஆகிவிடக்கூடாது என்பதற்காக ஆண்டுக்கு ஒரு நாள் எல்லா வாசலையும் பூட்டி வைக்கும் வழக்கமும் அங்கே உண்டு, உங்கள் நாள் அதுவாக இருந்துவிடப் போகிறது.) கிழக்குச் சுற்றுச்சுவரில் 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு வீசியதைச் சொல்லும் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். "அவன் சரியான எம்டன்" என்று நம் வீடுகளில் சொல்வது அந்த ராத்திரி போட்ட பயம்.

கடைசியாக ஒன்று. ஆடியோவில் இருபது நிறுத்தம் இருந்தால் இருபதையும் முடித்தே தீருவேன் என்று ஓடாதீர்கள். நான் இப்போதெல்லாம் ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. மீதி நேரத்தில் கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள். "இந்தக் கடை எத்தனை வருஷமா இருக்கு அண்ணே?" என்று கேட்டால் போதும், கல்லாவில் இருப்பவர் தன் தாத்தாவிலிருந்து ஆரம்பிப்பார், கொத்தவால் சாவடி மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனதும் தெரு எப்படி வெறிச்சோடியது என்பதையும் சேர்த்துச் சொல்வார். சாயங்காலம் ஆகிவிட்டால் பர்மா பஜார் பக்கம் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ கடை போட்டிருப்பார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், கூடவே வாழைத்தண்டு சூப்பும் கொடுப்பார்கள். காரம் குறைத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள், நான் கேட்காமல் விட்டுக் கஷ்டப்பட்டேன்.