ஊருக்குப் போகிறீர்களா? கொடிகாமத்தில் இறங்குங்கள்

வெளிநாட்டிலிருந்து இலங்கையின் வடக்குக்குப் போகிற நம்மாட்கள் ரயிலுக்கு ஆசனம் பதியும்போது, இறங்கும் இடம் என்ற கட்டத்தில் யோசிக்காமல் யாழ்ப்பாணம் என்று போட்டுவிடுகிறார்கள். நகரத்துக்கே போகிறவர்களுக்கு அது சரி. ஆனால் பருத்தித்துறை, நெல்லியடி, கரவெட்டி, துன்னாலை, வரணிக்காரரும் அதையே செய்கிறார்கள். வழியில் வருகிற கொடிகாமம் நிலையத்தைத் தாண்டி மேற்கே இன்னும் 25 கிலோமீட்டர் போய், யாழ்ப்பாணத்தில் பொதிகளோடு இறங்கி, வாகனம் பிடித்து, திரும்ப வடகிழக்கே 30 கிலோமீட்டருக்கு மேல் வருகிறார்கள். இந்த வீண் சுற்று எதற்கு? உங்கள் அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். குடாநாட்டின் வடகிழக்கில் இருக்கிற வடமராட்சிக்காரருக்குக் கோச்சி, அதாவது ரயில், என்றால் கொடிகாமம்தான்.

யாழ்ப்பாணத்துக்கு வடக்கே இருக்கிற வலிகாமத்து ஆட்களுக்கும் இதே கதைதான். யாழ்ப்பாணத்துக்கு அங்கால கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று காங்கேசன்துறை வரைக்கும் நிலையங்கள் இருக்கின்றன. முல்லைத்தீவுப் பக்கம் போகிறவர்கள் மாங்குளத்தையோ பரந்தனையோ பாருங்கள். இரண்டு இடத்திலிருந்தும் நேர் வீதி இருக்கிறது. எல்லா ரயிலும் எல்லாச் சின்ன நிலையத்திலும் நிற்பதில்லை என்பதுதான் ஒரே சிக்கல். பதியும்போதே நிறுத்தம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் கொடிகாமத்துக்கு வருவோம். ஒரு சந்தி, ஒரு சந்தை, ஒரு ஸ்டேஷன், இவ்வளவுதான் ஊரின் மையம். கண்டி வீதியும் பருத்தித்துறைக்குப் போகிற வீதியும் சந்திக்கிற இடம். தெற்கே போனால் கச்சாய், அங்கே கடலேரி. கொடிகாமம் இருக்கிற தென்மராட்சியின் தேங்காயும் பலாவும் மாம்பழமும் வந்து குவிகிற சந்தை என்பதால், ரயில் வருவதற்கு முன்பே இது ஆள் கூடுகிற இடமாகத்தான் இருந்திருக்கும்.

ரயில் வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. கொழும்பிலிருந்து பாதை மெல்ல மெல்ல நீண்டு கடைசியாக யாழ்ப்பாணத்தை அடைந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடந்தது வேறு. குடாநாட்டில் வேலை வடக்கு முனையில் தொடங்கியது. 1902 மார்ச்சில் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை, சுமார் 21 மைல், ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு பாதை கொடிகாமத்தைத் தாண்டிப் பளை வரை வந்தது. தெற்கே வன்னிக் காட்டுக்குள் பாதை போட்டு முடியும் வரைக்கும், கொழும்போடு எந்தத் தொடர்பும் இல்லாமல் குடாநாட்டுக்குள் மட்டும் ஓடியது அந்தக் கோச்சி. 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதிதான் கொழும்பு முதல் காங்கேசன்துறை வரை முழுப்பாதையும் திறந்தது. அன்றைய பயணம் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. மாட்டு வண்டியிலும் கப்பலிலும் போய் வந்த சனத்துக்கு அது பெரிய வேகம்.

இன்னொன்று. ஊரில் ரயில் ஓடுகிற அதே காலத்தில் நம்மாட்கள் மலாயாவில் ரயில்வே வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் என்றால் யாழ்ப்பாணத்தான் என்று சொல்லுமளவுக்கு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் இந்தக் கதையை வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். மலாயா பென்சன் காசில் கட்டிய வீடுகள் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் இன்றும் நிற்கின்றன.

1956 ஏப்ரலில் யாழ்தேவி ரயில் வந்தது. இரவுத் தபால் ரயிலில் தூங்கித் தூங்கி வந்த அரசாங்க உத்தியோகத்தர்களுக்குப் பகலில் வேகமாக ஊருக்கு வர ஒரு வழி. கொழும்பில் கிளறிக்கல் வேலை, வெள்ளிக்கிழமை பின்னேரம் பை ஒன்றோடு ரயில், ஞாயிறு இரவு திரும்ப ரயில். ஒரு தலைமுறையே இப்படி வாழ்ந்தது. வருஷத்தில் சில தடவை இலவசமாகப் போய்வர வாரண்ட் கிடைக்கும். அதை யாருக்கு எப்போது எடுப்பது என்பது குடும்பத்துக்குள் பெரிய விவாதம். கொடிகாமத்தில் இறங்குகிறவர்களைத் தட்டிவான் காத்திருந்து ஏற்றிக்கொண்டு பருத்தித்துறைக்குப் போகும். மரத்தால் உடம்பு கட்டி, பக்கங்கள் திறந்து, பின்னால் தட்டியும் வைத்த பழைய வாகனம். ஆட்கள் உள்ளே, வாழைக்குலையும் தேங்காய் மூட்டையும் தட்டியில்.

1985 சனவரியில் முறிகண்டிக்குக் கிட்ட யாழ்தேவி குண்டுவெடிப்பில் சிக்கியது. அதற்குப் பிறகு ஓடுவதும் நிற்பதுமாகக் கொஞ்சக் காலம். 1990 யூனில் மறுபடி சண்டை மூண்டதும் வடக்கே ரயில் அடியோடு நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை ஒற்றையடிப் பாதையாகி, பிறகு பற்றையானது. சண்டை நெருங்கியதால் 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்குள் வந்தபோது கொடிகாமத்தில் பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், மரத்தடி என்று கால் வைக்க இடமிருக்கவில்லை. 2000இல் தென்மராட்சிச் சனமே எழும்பி ஓடவேண்டி வந்தது. ஊரில் நிற்கும்போது நாற்பது வயதைத் தாண்டிய யாரோடும் பத்து நிமிஷம் கதைத்தால் இந்த இரண்டு வருஷங்களும் பேச்சில் வந்துவிடும். நீங்களாகத் துருவிக் கேட்க வேண்டாம்.

போருக்குப் பிறகு இந்தியாவின் கடனுதவியோடு இர்கொன் என்ற இந்திய நிறுவனம் ஓமந்தைக்கு அங்கால பாதையைப் புதிதாகப் போட்டது. 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 சனவரியில் காங்கேசன்துறை. பளை வரை வந்த ரயில் கொடிகாமத்துக்கு வர இன்னும் ஏழு மாதம் எடுத்தது. இருபத்துநாலு வருஷம் ரயிலே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் அப்போது பாதையோரம் கூட்டமாக வந்து நின்றார்கள்.

அந்த இருபத்துநாலு வருஷம் இன்னொரு விதத்திலும் உங்களைப் பாதிக்கும். ரயில் வரும் என்ற பயம் ஊரில் மறந்துபோயிருந்தது. காவலாளி இல்லாத கடவைகள் பல. பாதை திறந்த பிறகு வடக்கில் கடவைகளில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளோ வாடகைக் காரோ ஓடினால் கடவையில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்கத் தண்டவாளத்தில் நிறுத்தாதீர்கள்.

சரி, எப்படிப் போவது? கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் 187 இலக்க பஸ் கொழும்பு கோட்டைக்கு வரும்; பொதி கூட என்றால் வாகனம்தான் சுகம். ரயில் கொழும்பு கோட்டையிலிருந்து புறப்படும். முன்பதிவு சுமார் ஒரு மாதத்துக்கு முன்பே திறக்கும். ரயில்வே திணைக்களத்தின் இணையத்தளத்திலோ நிலையத்திலோ பதியலாம். கடவுச்சீட்டு இலக்கத்தைச் சரியாகக் கொடுங்கள், பயணத்தில் அதைக் கையில் வைத்திருங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கிற ஆகஸ்ட் பக்கம் போகிறீர்கள் என்றால் பதிவு திறக்கிற அன்றைக்கே பதியுங்கள், பிந்தினால் கிடைக்காது. சந்நிதி, வல்லிபுரக் கோயில் திருவிழாக்களும் அடுத்தடுத்து வரும்.

நேர அட்டவணையைப் பழைய இணையப் பக்கங்களில் பார்த்து நம்ப வேண்டாம். 2023இல் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையிலான பாதையும், 2024இல் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலான பாதையும் திருத்த வேலைக்காக மாதக் கணக்கில் மூடிக்கிடந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் ரயில் பாதைகளை உடைத்தது. ஆகவே போகிற வாரம் ஒருமுறை 1919க்கு அழைத்துத் தமிழிலேயே கேளுங்கள். அரசாங்கத் தகவல் மையத்தின் இலக்கம் அது.

பகல் ரயிலா இரவு ரயிலா என்று கேட்டால், முதல் தடவை பகல் ரயில்தான் என்பேன். வவுனியா தாண்டியதும் வன்னிக் காடு. கிளிநொச்சி, பரந்தன் வயல்கள். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், உப்பளம். இராணுவ முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம். பளைக்கும் எழுதுமட்டுவாளுக்கும் நடுவே முகமாலைப் பக்கம் சிவப்பு மண்டையோட்டுப் பலகை தெரிந்தால் அது கண்ணிவெடி எச்சரிக்கை. அங்கே இறங்கி நடக்கிற யோசனையே வேண்டாம்.

பளையிலிருந்தே இறங்க ஆயத்தமாகுங்கள். பளை, எழுதுமட்டுவாள், மிருசுவில், அடுத்தது கொடிகாமம். அறிவிப்பு கேட்கும் என்று காத்திருக்காதீர்கள். சின்ன நிலையத்தில் ரயில் ஒன்றிரண்டு நிமிஷம்தான் நிற்கும்; இருபத்துமூன்று கிலோப் பெட்டி இரண்டை மேல் தட்டிலிருந்து இறக்கி வாசலுக்கு இழுத்துவர அது போதாது. மிருசுவிலில் ரயில் தரித்தால் பக்கத்து ஆசனத்து ரீச்சரிடம் "அக்கா, இது கொடிகாமமோ?" என்று கேளுங்கள். "இல்லைத் தம்பி, அடுத்தது" என்றுவிட்டு, நீங்கள் கேட்காமலே பெட்டி ஒன்றில் அவரே கை வைப்பார். ரிக்கெற்றை எறிந்துவிட வேண்டாம், வெளியே போகும்போது வாங்குவார்கள். ரிக்கெற் இல்லாவிட்டால் தண்டம்.

நிலையத்திலிருந்து சந்திக்கு நடந்தே போகலாம். ஓட்டோ என்றால் ஏறமுன் விலை பேசுங்கள், சில்லறைத் தாள்களாக வைத்திருங்கள். பருத்தித்துறைக்கு பஸ் இருக்கிறது. வரணி, முள்ளி என்று கடலேரியைக் கடந்து போகிற அந்த வீதி, மழைக்காலத்தில் பறவைகளைப் பார்ப்பதற்கென்றே ஒருமுறை போக வேண்டியது. தட்டிவான் கண்ணில் பட்டால் பொதிகளை ஓட்டோவில் அனுப்பிவிட்டு அதில் ஏறுங்கள். இரவு ரயிலில் விடியமுன் இறங்குகிறவர்கள் பஸ்ஸை நம்பாமல் வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லுங்கள்.

இவ்வளவும் வருவதற்கு. ஊரில் நிற்கிற நாட்களில் ஒரு காலை வெள்ளன எழும்பி, கொடிகாமத்திலிருந்து கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ உள்ளூர் ஆட்களோடு ஒருமுறை போய் வாருங்கள். முன்பதிவு தேவையில்லை, மூன்றாம் வகுப்பே போதும். காசு நீட்டினால் பல சின்ன நிலையங்களில் இன்னமும் பெருவிரல் அளவு அகலமான தடித்த மட்டை ரிக்கெற்றுக்குத் திகதி குத்தித் தருவார்கள். மேடையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ரீச்சர்மார், கச்சேரி (அரச செயலகம்), வங்கி உத்தியோகத்தர்கள், கம்பஸ் பிள்ளைகள். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு வந்ததால் சிலர் கையில் ஹெல்மெற். சாப்பாட்டுப் பை, குடை, திருத்த வேண்டிய கொப்பிக் கட்டு. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு தவித்தபோது இவர்களுக்காகத்தான் காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையே யாழ் ராணி என்று ஒரு ரயில் விட்டார்கள். சொகுசு பஸ்ஸில் திரை போட்டு இரவோடிரவாக வந்து, வான் பிடித்துக் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஊர் இன்று எப்படி வேலைக்குப் போகிறது என்பது தெரியவே வராது.

போய் வந்து சந்தைக்குள் நுழையுங்கள். வைகாசி முதல் ஆடி வரை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும். பச்சைத் தோலைப் பார்த்துக் காய் என்று நினைத்துவிடாதீர்கள். காம்புப் பக்கம் மணந்து பார்த்து, லேசாக அமத்திப் பார்த்து எடுங்கள். விற்கிற அம்மாவிடம் "இண்டைக்குச் சாப்பிட" என்றோ "நாளையிண்டைக்கு" என்றோ சொன்னால் அவரே தெரிந்து தருவார், அதுதான் பாதுகாப்பு. தை, மாசியில் போனால் பனங்கிழங்கு. பழங்களை வெளிநாட்டுக்குக் கட்டிக்கொண்டு போக நினைத்தால் நீங்கள் இறங்குகிற நாட்டின் சுங்க விதியை முதலில் பாருங்கள். பல நாடுகளில் பறித்துவிடுவார்கள்.

திரும்பும்போது ஒரு விஷயம். விமானம் பிடிக்கிற அன்றைக்கே ரயிலில் வர வேண்டாம். வடக்கே பெரும்பகுதி ஒற்றைப் பாதை; எதிரே வரும் ரயில் பிந்தினால் உங்களுடையதும் பிந்தும், யானையோ மாடோ குறுக்கிட்டால் இன்னும் பிந்தும். ஒரு நாள் முன்னதாகக் கொழும்புக்கோ நீர்கொழும்புக்கோ வந்து தங்குங்கள். திரும்புகிற ஆசனத்தையும் கொடிகாமத்திலிருந்து என்றே பதியுங்கள்.