வாத்தைப் பாடம் செய்யும்போது செயற்கைத் தலை பொருத்துவது எப்படி?

வாத்தைப் பாடம் செய்தால், அதாவது தோலை உரித்துப் பதப்படுத்தி உயிருள்ளது போல நிறுத்தி வைத்தால், உடம்பு நன்றாகத்தான் வரும். ஆனால் காயக் காய அலகு சுருங்கி, நிறம் மங்கி, முகமே வேறு ஏதோ பறவை மாதிரி ஆகிவிடும். இதற்குத்தான் ரெசினில் (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின்) வார்த்த தலை. தோல் உரிப்பது, கொழுப்பு எடுப்பது, வெங்காரம் (போராக்ஸ்) தடவுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே தலைக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. வீட்டு வாத்து, சேவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர், சுசீந்திரம் குளக்கரையில் செத்துக் கிடக்கும் பறவையைத் தூக்கி வர வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசுச் சொத்து.

1. உரிப்பதற்கு முன்பே தலையைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் படம் எடுங்கள். கண்ணிலிருந்து அலகு நுனிவரை அளந்து எழுதி வையுங்கள்.

2. அடுத்தது அச்சு. உரித்த தலையில் கண்களை எடுத்துவிட்டு, குழியில் பாதி அளவுக்குக் களிமண் வையுங்கள். வாயை மூடி ஒட்டுங்கள். தலையைப் பாதிவரை களிமண்ணில் பதித்து, மேலே சிலிக்கான் ரப்பர் ஊற்றுங்கள். இறுகியதும் புரட்டி, களிமண்ணை எடுத்து, வாசலின் தடவி மறுபாதியை ஊற்றுங்கள். வாசலினை மறந்தால் இரண்டு பாதியும் ஒன்றாக ஒட்டிவிடும். பல் டாக்டர்கள் அச்செடுக்கும் ஆல்ஜினேட் மலிவுதான், ஆனால் அதன் ஈரம் ரெசினைக் கெடுக்கும்.

3. அச்சைப் பிரித்து அசல் தலையை எடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் சேர்த்து உள்ளே ரெசின் ஊற்றுங்கள். குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளத்துக்குப் பயன்படுத்தும் பாலியஸ்டர் ரெசின் எளிதாகக் கிடைக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும், இறுகும்போது சுருங்கவும் செய்யும். என் ஓட்டு எபாக்சி ரெசினுக்கு. இறுகியதும் பின்மண்டையில் துளை போட்டுக் கழுத்துக் கம்பியைச் செருகுங்கள்.

4. எல்லோரும் மாட்டுகிற இடம் இதுதான்: தோலும் அலகும் சேரும் கோடு. தோலை அலகு ஓரத்தோடு ஒட்ட வெட்டிவிடாதீர்கள். அலகின் மேல்தோலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சேர்த்தே வெட்டுங்கள். அந்தக் கோடு நேர்கோடு இல்லை, கன்னத்தில் வளைந்து போகும். படத்தைப் பார்த்து ரெசின் தலையில் பென்சிலால் வரைந்து, அதன் மேலேயே மெல்லிய அரத்தால் பள்ளம் வெட்டுங்கள். பள்ளத்தில் நூல் கனத்துக்கு எம்-சீல் வைத்து, முனை மழுங்கிய ஊசியால் தோல் விளிம்பை உள்ளே தள்ளுங்கள். நடு நெற்றியில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால் தோல் ஒரு பக்கமாக இழுக்காது. காயும்வரை குண்டூசி குத்தி வையுங்கள். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், இறகில் வெள்ளை பூத்துவிடும்.

அலகுக்கு அக்ரிலிக் வண்ணம், மெல்லிய பூச்சாகப் பலமுறை.

பின்சேர்க்கை: தலை பின்கழுத்துத் தோலில் நுழையவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். வலிந்து இழுக்காதீர்கள், பிடரியில் சின்னதாகக் கீறித் தலையை நுழைத்துவிட்டுத் தைத்துவிடுங்கள். இறகு மூடிவிடும். இன்னொருவர் ஐப்பசியில் செய்து, பிடித்து வைத்த தோல் நழுவுவதாகக் கேட்டார். நம் மாவட்டத்தில் மழை இரண்டு பருவமும் உண்டே, ஈரக்காற்றில் தோல் லேசில் காயாது. மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், குண்டூசியை எடுக்க அவசரப்படாதீர்கள்.